ஷிப்டு முடிந்ததா என்று கேட்டவர்கள்

பத்து முட்டைகளில் நான்கு உடைந்து போயின. மீதி ஆறு தப்பியது என் திறமையால் அல்ல. அவை பையின் மேல்பக்கம் இருந்தன, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பசாரிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, இரும்புக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே எல்லாத் திரைச்சீலைகளும் இழுத்து மூடியிருந்தன. கண் அந்த இருட்டுக்குப் பழகுவதற்குள், கூடத்தின் மூலையிலிருந்து ஓர் ஆண்குரல் மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டது: மன்னிக்க வேண்டும், என் ஷிப்டு முடிந்துவிட்டதா?

அந்த வீட்டில் ஆண் என்று இருந்தவன் நான் ஒருவன்தான். யாரோ விருந்தாளி என்று நினைத்துத் திரும்பினேன். கம்ப்யூட்டர் திரை முழுவதும் ஒரு முகம். காதுகளிலிருந்து வெள்ளையாகக் காளான் போல் ஏதோ முளைத்து, கன்னம் வரை இறங்கி, கண்களை மூடியிருந்தது. வாய் மட்டும் மனிதனுடைய வாய். பையை விட்டுவிட்டேன்.

என் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முட்டையாப்பா? அப்படியே விடுங்க. இவன முடிச்சிட்டு வந்து தொடைக்கிறேன்" என்றாள். இரண்டு முறை சுடும் சத்தம் கேட்டது. முகம் கீழே போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நான் ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். வாளி, பால்வெட்டும் கத்தி, கோப்பை, அமிலச் சாடி என்று முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணியே பிழைத்தவன். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்ற பிறகு, மலாக்கா டவுனுக்கு வெளியே ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், வரிசை வீடொன்றுக்குக் குடிவந்தோம். எண்ணும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஆனால் எண்ணுவதற்கு இப்போது என்னிடம் இருந்தவை ஏழு சன்னல்கள், பதினொரு விளக்குகள், ஒரு மனைவி, ஒரு மகள்.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. அதுவரை ஐந்து குடும்பங்கள் அவளைப் பெண் பார்த்துப் போயிருந்தன. முதல் இரண்டை அவள் வேண்டாம் என்றாள். அடுத்த மூன்றும் அவர்களாகவே வேண்டாம் என்றார்கள். ஒரு குடும்பம் ஜாதகம் சரியில்லை என்றது. ஒரு குடும்பம் நிறத்தைச் சொன்னது. கடைசிக் குடும்பம் காரணமே சொல்லவில்லை. பழம் வைத்துக் கொண்டுவந்த தட்டை வாங்கிப் போகக்கூட ஆள் அனுப்பவில்லை. அந்தத் தட்டு எங்கள் அலமாரியில் இருந்தது. முப்பதைத் தாண்டிவிட்டால் யார் வருவார்கள் என்று நானும் என் மனைவியும் பேசாத நாள் இல்லை. ஆனால் அவளோ ஞாயிற்றுக்கிழமை காலையில் திரைச்சீலையை மூடிக்கொண்டு பிணங்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

பசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுச் சிடியாம். கதை என்னவென்று கேட்டேன். வெகுதூரத்தில் ஒரு நிலவு. அதன் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு சுரங்கம். எண்ணூறு பேர் வேலை செய்த இடம். பனியைத் தோண்டும்போது அதற்குள் உறங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று காது வழியாக அவர்களுக்குள் புகுந்துவிட்டது. செத்த பிறகும் நடக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது கடைசியாகப் பேசிய வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒருத்தி கதவைச் சாத்தச் சொல்வாள். ஒருவன் பசிக்கிறது என்பான். என் முட்டைகளை உடைத்தவன் தன் ஷிப்டு முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நாம் மட்டும் உயிரோடு விழித்துக்கொண்டு அங்கிருந்து வெளியேற வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போது நாம் யார் என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். சிப்பாய், பொறியாளர், வைத்தியர் என்று மூன்று வகை.

"கிராணி இல்லையா?" என்றேன்.

"இல்லப்பா."

"எண்ணூறு பேரு வேல செய்யற எடத்துல ஒரு கிராணி கூடவா இல்ல?"

"அதனாலதான் எல்லாரும் செத்துட்டாங்க" என்றாள் மகள்.

அடுத்த ஞாயிறு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளை அதிலிருந்து மீட்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திரையில் அந்த இடத்தைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவிலும் எண், பின்னால் பொதுக் குழாய், கோடியில் மேலாளர் வீடு. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை அப்படியே தூக்கிப் பனிக்கு அடியில் வைத்தது போல இருந்தது. காலையில் பெரட்டுக்கு ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் திடல்கூட இருந்தது. அங்கே ஐம்பது அறுபது பேர் வரிசை குலையாமல் நின்றார்கள். எல்லார் காதிலும் வெள்ளை. நான் எண்ணத் தொடங்கி பாதியில் நிறுத்திவிட்டேன். என் வாழ்நாளில் எதையும் எண்ணிப் பாதியில் விட்டதில்லை.

குண்டு அந்த இடத்தில் தங்கத்தைவிட அரிது. மகள் எண்ணாமல் சுடுவாள். நான் பக்கத்திலிருந்து மிச்சத்தைச் சொல்வேன். எங்களுக்குள் சண்டை வந்தது தேர்ச்சிப் புள்ளிகளில். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் சில புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சுடுவதிலோ, பழுது பார்ப்பதிலோ, பூட்டுத் திறப்பதிலோ, உடல்பலத்திலோ போடலாம். எல்லாவற்றிலும் சமமாகப் போடு, எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும் என்பது என் வாதம்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா எதுக்கும் ஒதவாதுப்பா. நான் பழுது பாக்கறதுல போடறேன்."

"துப்பாக்கிக்குப் போடாம?"

"உடைஞ்ச துப்பாக்கிய வெச்சிக்கிட்டு என்னா செய்யறது? மொதல்ல அத ரிப்பேர் பண்ணத் தெரியணும் லா."

சமையலறையிலிருந்து என் மனைவி, "அப்பனுக்கும் மகளுக்கும் பேச வேற பேச்சே இல்ல. இந்த வீட்டுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்" என்றாள். அவள் சொன்னதுதான் என் கவலையும். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஒரு வார நாளில் மகள் வேலைக்குப் போனபின், மனைவி பக்கத்து வீட்டில் இருந்தபோது, நானே அதை இயக்கிப் பார்த்தேன். திரைச்சீலைகளை மூடவில்லை, ஏழு சன்னல்களையும் திறந்து வைத்தேன். விளக்கையும் போட்டேன். ஒரு நடைபாதையைக் கடந்து ஸ்டோர் அறை ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுக்கடுக்காகச் சாமான்கள், ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய சீட்டு. அந்தச் சுரங்கத்திலேயே எனக்குத் தைரியம் தந்த இடம் அது ஒன்றுதான். அங்கேயே நின்றேன். வெளியே போகவே மனம் வரவில்லை. அப்போது கதவுக்கு வெளியே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் ஓசை. ஓசை நின்றது. கதவு மெதுவாகத் திறந்தது. மன்னிக்க வேண்டும் என்று அந்தக் குரல் தொடங்கியது. நான் துப்பாக்கியைத் தேடவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். என் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே ரொட்டிக்காரன் மோட்டாரில் மணியடித்துக்கொண்டு போனான்.

"பிளக்கப் புடுங்கினா உள்ள எல்லாம் கெட்டுப் போயிரும்ப்பா" என்று மாலையில் மகள் திட்டினாள். "பயமா இருந்தா ஒரு பட்டன அழுத்தினா நின்னுரும்."

"பயம்னு யாரு சொன்னா? கரண்டு வீணாப் போவுதுன்னு புடுங்கினேன்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆறாவது வரன் வந்தது. கொண்டுவந்தவர் தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்த லோரி டிரைவர். என் பழைய நண்பர். மாப்பிள்ளை சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன். மஸ்ஜித் தானா என்ற ஊரில் அம்மாவோடு இருக்கிறார். குடிப்பழக்கம் இல்லை. ஜாதகமும் பொருந்தியது. இதுவும் போய்விட்டால் வேறு வரனுக்குத் தன்னிடம் வழியில்லை என்று நண்பர் சொல்லிவிட்டார்.

ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்த்து ஞாயிறு காலைக்கு நேரம் குறித்தேன். மாப்பிள்ளையையும் என் நண்பரையும் சேர்த்து வேனிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். ஒற்றைப்படை, மனம் நிம்மதியானது. எட்டாவதாக வேன் டிரைவர் இறங்கினார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது, அவர் நல்ல வேளையாக வாசலிலேயே சிகரெட் பற்ற வைத்து நின்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த, நேராக உட்காரும் பெண்மணி. நெற்றியில் விபூதி மட்டும். கேசரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு செஞ்சதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, அவதான் கிண்டினா" என்றாள் என் மனைவி. யார் கிண்டியது என்று எனக்குத் தெரியும். நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் கூடம் சிறியது. தனியாகப் பேச இருந்த இடம் கம்ப்யூட்டர் மூலைதான். துணைக்கு நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பூவேலை செய்த துணியால் மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நீங்க யூஸ் பண்றதா?"

"ஆமா. கேம் வெளையாடுவேன்."

"என்னா கேம்?"

"பயமுறுத்தற கேம்."

"அப்படியா. காட்டுங்களேன்."

தூரத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. எழுந்து தடுத்தால் ஏன் தடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். மகள் துணியை எடுத்து மடித்து வைத்தாள். ஆட்டம் ஓடத் தொடங்கியது. அவர் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. சுவரோரமாகவே நடந்தார். பைப்புகளை அண்ணாந்து பார்த்தார். "இந்த வால்வு தப்பான பக்கம் இருக்குங்க. இப்படிப் போட மாட்டாங்க" என்றார். மகள் சிரித்தாள். அவள் ஒரு வரன் முன்னால் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து அந்தக் குரல் ஷிப்டைப் பற்றிக் கேட்டது. மாப்பிள்ளை அதையும் தாங்கிக்கொண்டார். நான்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த அறைக் கதவைத் திறந்ததும் வாயு கசிந்து ஆட்டத்துக்குள் அபாயச் சங்கு ஊதியது. ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊதும் சங்கு.

அப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. என் மணிக்கட்டை ஓர் இரும்புக் கை பிடித்தது. நாற்காலி சாய்ந்தது. கூடம், கேசரித் தட்டுகள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் சேலைகள், வாசலில் வேன் டிரைவரின் வாயிலிருந்து விழுந்த சிகரெட், எல்லாம் என்னைக் கடந்து போயின. நானும் மாப்பிள்ளையும் வெறுங்காலோடு சாலையைத் தாண்டி எதிரே இருந்த திடலில் நின்றோம். என் மணிக்கட்டை அவர் விடவில்லை. திரும்பி வீட்டையே பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, "உள்ள எத்தன பேரு?" என்றார்.

"எட்டு" என்றேன். நானே அறியாமல் வாயில் வந்தது.

"எட்டு" என்று அவரும் சொன்னார். வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்று எங்களைப் பார்த்தவர்களை அவர் விரலால் எண்ணினார். ஆறில் நின்றது விரல். அப்போதுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது. என் கையை விட்டுவிட்டு, "சாரி அங்கிள்" என்றார். முகம் வேர்த்துக் கொட்டியது.

என் நண்பர் வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "பொண்ணோட கையப் புடிக்க வந்தவன் மாமனார் கையப் புடிச்சிக்கிட்டு ஓடறானே லா."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கெளம்புங்க, போலாம்" என்றார். அவர்கள் பழம் வைத்துக் கொண்டுவந்த தட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அலமாரியில் இப்போது இரண்டு தட்டுகள்.

என் மனைவி அழுதாள். நான் மகளைத் திட்டினேன். அவள் விசைப்பலகையைத் துணியால் மூடிக்கொண்டே, "அவங்களுக்குப் புடிக்கலன்னா பரவால்லப்பா. எனக்கு அவரப் புடிச்சிருக்கு" என்றாள். முன்னால் வந்த ஐந்து பேரில் ஒருவரைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"பயந்து ஓடனவனயா?"

"பயந்தாரு. ஆனா தனியா ஓடல."

"ஒன்ன விட்டுட்டுத்தான ஓடனான்?"

"நான் சிரிச்சிக்கிட்டு இருந்தேன்பா. நீங்கதான் வெளுத்துப் போயி ஒக்காந்திருந்தீங்க. அவரு ஒங்களத்தான் பாத்தாரு."

அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று இருக்கிறது. அது கைநழுவிப் போகிறது. நழுவ வைத்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி.

சில நாள் கழித்து நண்பர் செய்தி கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். பயந்த காய்ச்சல் என்று அம்மா சொல்கிறாராம். முனீஸ்வரன் கோயில் பூசாரியை அழைத்து விபூதி போட்டு மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது, என் பையன் அதைப் பார்த்திருக்கிறான், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம்.

பயந்த கோளாறுக்கு மந்திரிப்பதை நான் தோட்டத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குச் செய்வார்கள். ஆற்றோரமாகத் தனியே போய் வந்த பெண்களுக்குச் செய்வார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக ஒரு டெக்னீஷியனுக்கு மந்திரித்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன். அதைவிட எனக்கு அதிர்ச்சி, அதைக் கேட்டு நான் சிரிக்காததுதான். நானும்தானே பிளக்கைப் பிடுங்கியவன்.

அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். மாப்பிள்ளை கூடத்தில் பாய் மேல் போர்வையோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். அவர் அம்மா ஆரஞ்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அங்கிள், காய்ச்சல் அதனால இல்ல" என்றார் மெதுவாக. "காய்ச்சலுக்கு முந்தின நாளு மழையில ஓவர்டைம் பாத்தேன். அம்மா கேக்க மாட்டேங்கறாங்க."

"அப்ப எதுக்குப்பா அன்னிக்கு என்ன இழுத்துக்கிட்டு ஓடனீங்க?"

"அந்தச் சங்கு அங்கிள். எங்க ஆலையில கேஸ் லீக் ஆனா அதே மாதிரிதான் ஊதும். ஊதினா யோசிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கற ஆளப் புடிச்சிக்கிட்டு வெளிய போகணும். வெளிய போயி ஆள எண்ணணும். மாசாமாசம் பழக்கறாங்க. கை தானா வந்துருச்சி." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவங்க ரொம்பச் சிரிச்சாங்களா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை என்றேன்.

அம்மா கோப்பியோடு வந்தார். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அது வெறும் விளையாட்டு. பெட்டிக்குள் பேய் பிசாசு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் விளக்கு ஏற்றுகிறோம். அவர் நின்றபடியே கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. காய்ச்சல்ல இவன் பெனாத்தினான். ஷிப்டு முடிஞ்சிருச்சா, ஷிப்டு முடிஞ்சிருச்சான்னு. யாரு அப்படிக் கேட்டா?"

"அது அந்த வெளையாட்டுல ஒரு ஆளு கேக்கறதும்மா. செத்துப் போன ஆளு."

அவர் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார். அவர் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். ஒருநாள் ஷிப்டு முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை. பாய்லரை விட்டுவிட்டு வர முடியாது என்று அங்கேயே நின்றிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து நீராவிக் குழாய் வெடித்தது. "சோத்தப் போட்டு மூடி வெச்சிட்டு, ஷிப்டு முடிஞ்சிருச்சா முடிஞ்சிருச்சான்னு ஒக்காந்திருந்தேன் அண்ணே. இவன் அப்ப ஆறாங்கிளாஸ்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "அந்த வார்த்த ஒங்க வீட்டுப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?" என்று கேட்டார்.

உலகத்தில் எந்த மூலையிலோ யாரோ எழுதி வைத்த வாக்கியம், உழைக்கிறவர்கள் எல்லா இடத்திலும் கேட்பதுதான், தற்செயல். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். "நீங்களே வந்து பாருங்கம்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலை, காய்ச்சல் விட்டிருந்த மகனின் காரில் வந்து இறங்கினார். கையில் விபூதிப் பொட்டலம். மகனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரின் மேல் விபூதியைத் தூவினார். என் மகள் தடுக்கவில்லை, மின்விசிறியை மட்டும் நிறுத்தினாள். நான் நடுவில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தார். நானும் என் மனைவியும் பின்னால் நின்றோம்.

"போடும்மா. அந்த ஆளக் காட்டு."

மகள் ஆட்டத்தைத் தொடங்கினாள். அந்த ஆள் எங்கே வருவான் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தேடித்தான் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் வந்த மற்றவர்களைப் பார்த்து அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவர் சொல்வதையும் மகள் தமிழில் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னவளைப் பார்த்து, "பாவம், புள்ள குட்டி உள்ள இருந்திருக்கும்" என்றார். கடைசியில் துப்பாக்கியில் மிச்சம் நான்கு குண்டுகள். நான் குனிந்து மகளின் காதில் சொன்னேன்.

அந்தக் காலடி ஓசை வந்தது. அவன் நடைபாதையின் கோடியில் தோன்றி, சுவரைத் தொட்டுத் தொட்டு நெருங்கினான். அந்தக் குரல் மரியாதையாகக் கேட்டது. மகள் மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை, ஷிப்டு என்ற சொல் அந்த அம்மாவுக்குப் புரியும். மகள் குறி வைத்திருந்தாள். சுடு, சுடு என்று என் வாய் முணுமுணுத்தது.

அந்த அம்மா திரையைப் பார்த்துச் சொன்னார்: "முடிஞ்சிருச்சிய்யா. வீட்டுக்குப் போ."

என் மகள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் வந்தான். மறுபடி கேட்டான். கை நீண்டது. திரை சிவப்பாகி, பிறகு இருண்டது. நான்கு குண்டுகளும் துப்பாக்கியிலேயே இருந்தன. அவ்வளவு நேர ஆட்டமும் போயிற்று. என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்; எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"என்னம்மா ஆச்சி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நான் செத்துட்டேன் ஆண்டி."

"கையில துப்பாக்கி இருந்துச்சில்ல?"

"இருந்துச்சி."

"அப்பறம் ஏன் சுடல?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்களே" என்றாள் மகள்.

அந்த அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் விசைப்பலகையில் விழுந்திருந்த விபூதியைத் துடைத்தார். ஒவ்வொரு வரிசையாக, அவசரமில்லாமல். துடைத்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன்.

"தைப்பூசம் கழிச்சி வெச்சிக்கலாமா அண்ணே, இல்ல பங்குனியில வெச்சிக்கலாமா? இவனுக்கு லீவு சொல்லணும்."

எத்தனை மாதம், எத்தனை முகூர்த்தம், எத்தனை பேருக்குச் சாப்பாடு, ஒன்றுமே மனதில் வரவில்லை. முப்பது வருஷம் கிராணியாக இருந்தவன் கணக்கில்லாமல் நின்றேன். "பங்குனிதாங்க நல்லது, ஏற்பாடு செய்ய நாளு இருக்கும்" என்று என் மனைவிதான் பதில் சொன்னாள். வாசலில் நின்ற மகனை உள்ளே வரச்சொல்லி அந்த அம்மா கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.